அறியாமையின் வக்கீல்களுக்கு

பெயர் தெரியாமல் பார்க்கும்போதுதான் ஒரு பறவை முழுமையாகத் தென்படுகிறது, பெயரும் இனமும் அறிந்துவிட்டால் எஞ்சுவது தகவல் மட்டுமே என்றொரு வாதம் நம் இலக்கியச் சூழலில் நெடுங்காலமாக உலவி வருகிறது. இயற்கையை எழுதப்புகும் கவிஞர்கள் பலர் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். தாவரவியல் அறிந்தவன் மலரைக் கூறுபோடுகிறான், கவிஞனோ மலரை உணர்கிறான் என்ற பாகுபாடு, முன்னுரைகளிலும் கூட்டங்களிலும் யாரும் மறுத்துப் பேசாமலே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதற்குச் சான்று தேவைப்படும்போது அழைத்துவரப்படுபவர்களில் ஒருவர் ஐரிஷ் கட்டுரையாளர் ராபர்ட் லிண்ட். 1921இல் வெளிவந்த அவருடைய 'அறியாமையின் இன்பங்கள்' தொகுப்பின் தலைப்புக் கட்டுரை அறியாமைக்கான வக்காலத்து என்றே நம்மில் பலர் மனத்தில் பதிந்துவிட்டது.

அவ்வாறு கொள்வது பிழையான வாசிப்பு. அதே சமயம், லிண்ட் சறுக்கிய இடமும் அக்கட்டுரையில் உண்டு. நம்மவர்கள் கட்டுரையின் சாரத்தை விட்டுவிட்டு அந்தச் சறுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

லிண்ட் 1879இல் பெல்ஃபாஸ்டில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். குயின்ஸ் கல்லூரியில் பயின்றபின் லண்டன் சென்று பத்திரிகையாளரானார். 'டெய்லி நியூஸ்' நாளிதழின் இலக்கிய ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் 'ஒய்.ஒய்.' என்ற புனைபெயரில் வாரந்தோறும் கட்டுரை எழுதினார். 1931இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் நோராவைச் சட்டப்படி மணந்தபோது விருந்து நடந்தது லண்டன் ஹாம்ஸ்டெட்டில் இருந்த லிண்டின் இல்லத்தில்தான். 1949இல் மறைந்த அவரை இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாசிப்போர் அருகிவிட்டனர். இந்தியக் கல்வி நிலையங்களின் ஆங்கிலப் பாடத் தொகுப்புகளோ அவரை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கின்றன. நம்மவர்களுக்கு அவர் அறிமுகமானதும் அவ்வழியாகத்தான், கேள்வி-பதில் உரைநூல்களின் துணையோடு. 'அறியாமையே பேரின்பம்' என்ற பழமொழிக்கு விரிவுரை என்று உரைநூல் சொன்னதைத் தேர்வில் எழுதியவர்கள், பிற்பாடு கவிதை எழுத வந்தபோதும் அதையே நம்பினார்கள்.

கட்டுரை உண்மையில் என்ன சொல்கிறது? ஏப்ரல், மே மாதங்களில் நகரவாசி ஒருவரோடு நாட்டுப்புறத்தில் நடப்பதைக் கொண்டு லிண்ட் தொடங்குகிறார். பீச் மரத்துக்கும் எல்ம் மரத்துக்கும் வேறுபாடு தெரியாமல், த்ரஷ் பறவையின் பாட்டையும் பிளாக்பேர்டின் பாட்டையும் பிரித்தறியாமல் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து மடிகிறார்கள் என்று வியக்கிறார். அந்த அறியாமையில் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். பிறகு, இந்த அறியாமை முற்றிலும் துயரமானதன்று, கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி அதிலிருந்தே பிறக்கிறது என்கிறார். வாழ்நாளில் பாதியைக் குக்கூ பறவையைப் பார்க்காமலே, குரலை மட்டும் கேட்டுக் கழித்த ஒருவர் அதை முதன்முறையாகக் காணும்போது உலகமே அவருக்குப் புதிதாகிவிடுகிறதாம்.

நம்மவர்கள் நின்றுவிடும் இடம் இதுதான். கட்டுரை இங்கே நிற்கவில்லை. இயற்கை ஆய்வாளரின் மகிழ்ச்சியும் அவரிடம் எஞ்சியிருக்கும் அறியாமையைச் சார்ந்ததே என்கிறார் லிண்ட். நூல்களிலிருந்து எல்லாவற்றையும் கற்றுவிட்டாலும், தம் கண்ணால் காணும்வரை அவருக்கு நிறைவில்லை. ஒவ்வொரு உண்மைக்குக் கீழேயும் புதிய அறியாமை ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது. இறுதியில் லிண்ட் வந்து சேரும் முடிபு, அறியாமையின் பேரின்பம் கேள்வி கேட்பதன் இன்பமே என்பதாகும். அந்த இன்பத்தை இழந்து, விடை சொல்வதன் இன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டவர் விறைத்துப்போகத் தொடங்கிவிட்டார் என்று எச்சரிக்கிறார். அறுபது வயதுக்குமேல் உடலியங்கியல் படிக்க உட்கார்ந்த ஜோவெட்டை மெச்சுகிறார். எழுபது வயதிலும் தமக்கு எதுவும் தெரியாது என்றுணர்ந்த சாக்ரடீஸின் பெயரைச் சொல்லி முடிக்கிறார்.

ஆக, இக்கட்டுரையில் அறியாமை இருவகைப்படுகிறது. ஒன்று, தனக்குத் தெரியாது என்பதே தெரியாத அறியாமை. நகரவாசியின் முதல் நிலை அது. மற்றது, தெரியாது என்றுணர்ந்து வினவும் அறியாமை. லிண்ட் இன்பம் என்றழைப்பது இரண்டாவதை. பெயர் தெரியாமல் பார்ப்பதே உயர்ந்தது என்பவர் வினவுவதில்லை. வினவினால் பெயர் தெரிந்துவிடும், தெரிந்தால் அழகு போய்விடும் என்று அஞ்சுகிறார். லிண்டின் சாக்ரடீஸ் தெருத்தெருவாகச் சென்று கேள்வி கேட்டவர். வீட்டில் உட்கார்ந்து தம் அறியாமையை இரசித்துக்கொண்டிருந்தவரல்லர்.

இனி, லிண்ட் சறுக்கிய இடம். முதன்முறை குக்கூவைக் காண்பவனின் காலைநேரப் பரவசத்தோடு ஒப்பிட்டால் இயற்கை ஆய்வாளரின் மகிழ்ச்சி நிதானமானது, ஏறக்குறைய ஒரு சலிப்பான உழைப்பு என்று அவர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். அடுத்த வரிகளில் அதை அவரே திருத்தினாலும், விதை விழுந்துவிட்டது. அறிவு மகிழ்ச்சியை மட்டுப்படுத்தும் என்ற எண்ணம் ஆங்கிலக் கவிதையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததுதான். நியூட்டன் வானவில்லின் கவிதையை அழித்துவிட்டார் என்று 1817ஆம் ஆண்டின் இறுதியில் ஓவியர் ஹேடன் அளித்த விருந்தில் கீட்ஸும் சார்லஸ் லாமும் பேசிக்கொண்டது புகழ்பெற்ற செய்தி. லாம் வழிவந்த கட்டுரையாளரான லிண்டுக்கு அந்த எண்ணம் பழகிய நாற்காலி போன்றது. யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கைக்கொண்ட உதாரணமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் காணலாம். குக்கூ பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் பறவை. அது தரையில் முட்டையிட்டு அலகால் தூக்கிச் சென்று கூட்டில் வைக்கிறதா, நேரே கூட்டிலேயே இடுகிறதா என்பது அந்நாளில் தீராத வழக்கு. இதைத் தீர்க்கத் தொலைநோக்கியோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரை லிண்ட் தம் கட்டுரையில் வர்ணிக்கிறார். அவர் நூல் அச்சான அதே 1921இல், இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயரில் எட்கர் சான்ஸ் என்பவர் அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். சான்ஸ் தொழில்முறை விஞ்ஞானி அல்லர், வணிகர். 1918 தொடங்கி ஒரே பொதுவெளியில் ஒரே பெண் குக்கூவைப் பருவந்தோறும் தொடர்ந்தார். மெடோ பிப்பிட் என்னும் நெட்டைக்காலி வகைச் சிறு பறவையின் கூடுகள் அத்தனையையும் அறிந்து வைத்திருந்தார். எந்தக் கூட்டில், எந்தப் பிற்பகலில் குக்கூ வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுக்குத் தேர்ந்து, கூட்டருகே மறைவிடம் அமைத்து ஒளிப்படக்காரரை உட்கார வைத்தார். குக்கூ இறங்கியது. கூட்டிலிருந்த முட்டையொன்றை அலகால் எடுத்துக்கொண்டு, தன் முட்டையை நேரே கூட்டில் இட்டுவிட்டுப் பறந்தது. எல்லாம் பத்து விநாடி அளவில் முடிந்துவிட்டது. 'குக்கூவின் இரகசியம்' என்ற பெயரில் அப்படமும் நூலும் 1922இல் வெளிவந்தன.

நாம் கேட்பது இதுதான். குக்கூவின் குரலை மட்டும் கேட்டு உருகிய கவிஞருக்கு அந்தப் பத்து விநாடி கிடைத்திருக்குமா? முதல் காட்சியின் பரவசம் ஒருமுறை வருவது. நான்கு பருவங்கள் காத்திருந்து, தான் கணித்த கூட்டில், கணித்த பிற்பகலில் பறவை இறங்குவதைக் கண்டவனின் பரவசம் அதைவிடக் குறைந்தது என்று எந்தத் தராசைக் கொண்டு லிண்ட் நிறுத்தார்? விடை கிடைத்ததால் குக்கூவின் புதிரும் தீர்ந்துவிடவில்லை. முட்டையின் நிறம் ஏன் அக்கூட்டுக்குரிய பறவையின் முட்டையை ஒத்திருக்கிறது என்ற கேள்வி எஞ்சியது. குக்கூப் பெண் பறவைகள் தனித்தனிக் கால்வழிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வழியும் ஓரினக் கூட்டையே நாடுகிறது என்பது தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் நிக் டேவிஸும் அவருடைய சகாக்களும் 1980கள் தொடங்கி இப்பறவைக்கும் அது ஏமாற்றும் பறவைகளுக்கும் இடையே நிகழும் போட்டியை ஆராய்ந்தார்கள். 2011 முதல் பிரிட்டனில் குக்கூக்களின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, அவை காங்கோ வடிநிலத்துக் காடுகள்வரை செல்வதைச் செயற்கைக்கோள் வழி கண்டறிந்தார்கள். லிண்ட் இருநூறு ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அவருடைய அறியாமைச் சொத்து கரைந்திருக்காது.

இன்னொரு சாட்சி லிண்டின் சொந்த மண்ணிலிருந்தே உண்டு. ராபர்ட் லாய்ட் பிரேகர் 1865இல், பெல்ஃபாஸ்டுக்கு அண்மையிலுள்ள ஹாலிவுட் என்ற சிற்றூரில் பிறந்தவர். லிண்ட் படித்த அதே பெல்ஃபாஸ்ட் பள்ளியில் படித்தவர், பொறியாளராகப் பயின்றவர், டப்ளினில் தேசிய நூலகத்தில் பணியாற்றியவர். அயர்லாந்தை 40 பிரிவுகளாகப் பகுத்து எந்தச் செடி எங்கே வளர்கிறது என்று பதிவுசெய்ய, 1896 முதல் 1900 வரை ஐந்து ஆண்டுகளின் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் ஏறத்தாழ 5,000 மைல் நடந்தார். அதன் பயன் 1901இல் வெளிவந்த ஐரிஷ் தாவரப் பரவல் நூல். பின்னர் மேயோ மாவட்டத்துக் கிளேர் தீவுக்கு 1909 முதல் 1911 வரை 100க்கும் மேற்பட்ட வல்லுநர்களைத் திரட்டிச் சென்றார். அந்தச் சிறிய தீவிலும் சுற்றுப்புறத்திலும் அவர்கள் பதிவுசெய்த உயிரினங்கள் 8,000க்கு மேல். அவற்றில் 100க்கும் அதிகமானவை அறிவியலுக்கே புதியவை. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த ஒரு தீவில், யாரும் வினவாத காரணத்தால் பெயரில்லாமல் கிடந்த உயிர்கள் அவை. அத்தீவை 1990களில் ராயல் ஐரிஷ் அகாதமி மீண்டும் ஆராய்ந்தபோது, முதல் ஆய்வின் பட்டியல்களே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படையாயின.

பிரேகர் 1937இல், தம் எழுபதுகளில், 'நான் சென்ற வழி' என்ற நூலை எழுதினார். ஒவ்வொரு சதுப்பையும் சுண்ணாம்புப் பாறையையும் அறிந்த ஒருவர், அறிந்ததனாலேயே சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செல்லும் உற்சாகத்தை அதில் காணலாம். அறிவு பரவசத்தைக் கொல்லும் என்பவர்கள் அந்நூலின் முன் என்ன சொல்வார்கள் என்றறிய நமக்கு ஆவல்.

எதிர்வாதமொன்றை இங்கே நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அறியும் ஆவல் அப்பாவித்தனமானதன்று. எட்கர் சான்ஸ் முட்டை சேகரிப்பவர். குக்கூவின் முட்டைகளை எடுத்துத் தம் பெட்டியில் அடுக்கியவர். நெட்டைக்காலியின் கூடுகளைத் தம் வசதிக்கேற்பக் கலைத்துத்தான் குக்கூவின் வருகையை அவரால் கணிக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கை ஆர்வலர் பலரிடம் துப்பாக்கியும் குறிப்பேடும் ஒன்றாகவே இருந்தன. இந்தக் கணக்கை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்கான மறுமொழி அறியாமை ஆகாது. முட்டை சேகரிப்பு தீங்கு என்பதை நிறுவியவர்களும் பறவைகளை எண்ணியவர்களே. கவிஞர்களின் பரவசம் ஒரு கூட்டையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

லிண்டின் வாழ்க்கையே நம் தரப்புக்குப் பெரும் சான்று. அவர் ஐரிஷ் தேசியவாதி. கேலிக் கழகத்தில் சேர்ந்து ஐரிஷ் மொழியைக் கற்றவர், லண்டனில் பிறருக்குக் கற்பித்தவர். 1916இல் ரோஜர் கேஸ்மெண்டைத் தூக்கிலிருந்து காக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 1909இல் ஐரிஷ் மக்களின் இல்வாழ்வைப் பற்றியும், 1919இல் அயர்லாந்து ஒரு தேசமே என்று வாதிட்டும் நூல்கள் எழுதினார். அவை ஆங்கிலேய வாசகரின் அறியாமையைப் போக்குவதற்காக எழுதப்பட்டவை. அயர்லாந்தைப் பற்றித் தெரியாமலிருப்பதில் ஆங்கிலேயருக்கு ஓர் இன்பம் உண்டு, அதைக் கெடுக்கவேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அண்டை நாட்டைப் பற்றிய அறியாமை எவ்வளவு இரத்தம் சிந்தவைக்கும் என்று அவருக்குத் தெரியும். குக்கூ விஷயத்தில் மட்டும் அறியாமை செலவில்லாத இன்பம் என்று அவரால் எண்ண முடிந்ததற்குக் காரணம், அடுத்த வசந்தத்திலும் குக்கூ வரும் என்ற உறுதி.

அந்த உறுதி இன்று இல்லை. லிண்ட் வாழ்ந்த காலத்து அயர்லாந்தில் கார்ன்கிரேக் பறவையின் கரகரத்த இரவுக்குரல், தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு எங்கும் கேட்டது. வைக்கோல் புல்வெளிகளில் கூடு கட்டும் அப்பறவை, புல்வெட்டும் இயந்திரம் வந்தபின் அழியத் தொடங்கியது. இயந்திரம் வயலின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வெட்டும்போது, திறந்தவெளிக்கு ஓட அஞ்சும் குஞ்சுகள் நடுவில் எஞ்சிய புல்லில் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் மடிந்தன. இன்று அயர்லாந்துக் குடியரசில் டொனிகால், மேயோ, கால்வே மாவட்டங்களின் மேற்குக் கரையோரங்களிலும் தீவுகளிலும் மட்டுமே, சில நூறு ஆண் பறவைகள் கூவுகின்றன. கர்லூவின் கதை இன்னும் கொடியது. 2015 முதல் 2017 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், அயர்லாந்துக் குடியரசில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூ இணைகள் 138 மட்டுமே காணப்பட்டன. 1980களின் இறுதியோடு ஒப்பிட இது 96 விழுக்காட்டு வீழ்ச்சி.

கார்ன்கிரேக்கின் குரலை அறியாதவர், அக்குரல் நின்றுபோனதை எவ்வாறு அறிவார்? அவருடைய மாலை முன்போலவே அழகாக இருக்கும். பெயர் தெரியாத பறவைகளைக் கண்டு பரவசப்படுபவருக்கு, பத்து பெயர்தெரியாத பறவைகள் மூன்றாகக் குறைந்தாலும் பரவசத்தில் குறைவிராது. இழப்பை உணர்வதற்கே முன்னறிவு வேண்டும். அந்த 138 என்ற எண், சதுப்புநிலங்களில் விடியற்காலையில் நின்று எண்ணியவர்களால் கிடைத்தது. புல்லை நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டினால் கார்ன்கிரேக் குஞ்சுகள் ஓரமாகத் தப்பிவிடும், சில வாரங்கள் தாமதித்து வெட்டினால் மேலும் பல பிழைக்கும் என்பதும் அப்பறவையின் நடத்தையைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் கண்டது. உழவர்கள் அவ்வாறு வெட்டுவதால்தான் எஞ்சியவை எஞ்சியிருக்கின்றன.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். லிண்டின் குக்கூவைத் தமிழில் 'குயில்' என்று எழுதிவிட்டு நகர்வது நம் வழக்கம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் பிறர் கூட்டில் முட்டையிடுபவை. ஆனால் குக்கூ சாம்பல் நிறமும் வயிற்றில் பட்டைகளும் கொண்டு, மயிர்க்கம்பளிப் புழுக்களைத் தின்னும் பறவை. நம் குயிலில் ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெண்புள்ளிகள், விரும்பி உண்பது பழம். நீட்டி உயர்ந்துகொண்டே செல்லும் அந்தக் கூவல் ஆண் குயிலுடையது. நாமோ பெண்ணின் குரலுக்கே அதை உவமையாக்கி வருகிறோம். இதைச் சுட்டிக்காட்டினால் 'கவிதையில் பறவையியல் எதற்கு?' என்ற பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனையோ தலைமுறைகள் தோப்பில் கேட்ட ஒரு குரல் யாருடையது என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றாத மனத்தை, இயற்கையில் தோய்ந்த மனம் என்று எப்படி அழைப்பது?

தமிழில் வேறு மரபும் இருந்தது என்பதை நினைவூட்ட மா. கிருஷ்ணன் ஒருவர் போதும். 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து இயற்கைப் பத்தி எழுதிய அவர், தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்தளித்தார். பறவையை அறிந்தவரின் உரைநடை எத்துணை ஈரமுடையதாக இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. அறிவு அழகைக் கெடுக்கும் என்ற கொள்கைக்காரர்கள் அந்நூலை வாசித்ததற்கான தடயம் அவர்கள் எழுத்தில் இல்லை.

இன்றைய நிலைமை லிண்ட் எண்ணிப்பார்க்காத ஒரு சிக்கலையும் சேர்த்திருக்கிறது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறது. கேள்வி எழுமுன்பே விடை வந்துவிடுகிறது. அறிவின் பக்கம் நிற்கிறோம் என்பதால் இதை நாம் கொண்டாடவேண்டும் என்பதில்லை. பெயர் கேள்வியின் தொடக்கம். அதன்பின் கேட்க வேண்டியவை, அது எங்கே கூடு கட்டுகிறது, எதைத் தின்கிறது, சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இவ்வாண்டு ஏன் இல்லை என்பன. பெயரோடு நின்றுவிடுபவரும் பெயரே வேண்டாமென்பவரும் ஒரே நோயின் இரு நோயாளிகள். லிண்ட் விறைப்பு என்று குறித்தது இருவருக்கும் பொருந்தும்.

ஆகவே, அறியாமையின் வக்கீல்களிடம் நம் கோரிக்கை எளியது. லிண்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுமுன் அவருடைய கட்டுரையைக் கடைசிப் பத்திவரை வாசியுங்கள். அவர் உங்கள் கட்சிக்காரர் அல்லர். அவர் கேட்டதெல்லாம் கேள்வி. உங்கள் அடுத்த கவிதையில் பெயர் தெரியாத பறவையொன்று வந்து உட்காருமானால், அதை அச்சுக்கு அனுப்புமுன் அதன் பெயரை யாரிடமாவது விசாரியுங்கள். தோப்புக்காரரோ மீனவரோ பெரும்பாலும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகும் அக்கவிதை உயிரோடு இருக்குமானால் நாமும் மகிழ்ச்சியோடு வாசிப்போம்.